வண்டி எவ்வளவு ஓடியிருக்கு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்தால் யார் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற பேச்சுதான். என்னுடையது ஸ்விஃப்ட் டீசல். பத்து வருஷமாக வாரம் ஒருமுறை வேலை விஷயமாகப் பெங்களூரு போய் வந்ததில் 2,14,000 ஆகிவிட்டது. எதிர்வீட்டு அண்ணனின் வேகன் ஆர் அதே வயது, 48,000தான். "உன் வண்டி முடிஞ்சு போச்சு, வித்துடு" என்கிறார். விற்றுவிடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து மட்டும் விற்காதீர்கள். சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டது என்பதைத்தான் மீட்டர் காட்டும், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலம் – பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர், நல்ல ரோடு, சராசரி வேகம் 60 என்று வைத்தால் உங்கள் இன்ஜின் இதுவரை 3,570 மணி நேரம் போல ஓடியிருக்கும். அண்ணனின் வண்டி ஐந்து ரோடு சந்திப்பு, கடைவீதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிற வண்டி என்றால் சராசரி 20 வந்தாலே அதிகம், அப்படியானால் 48,000 கிலோமீட்டருக்கே 2,400 மணி நேரம் ஆகிவிடுகிறது. கிலோமீட்டரில் நாலரை மடங்கு வித்தியாசம், இன்ஜின் ஓடிய நேரத்தில் ஒன்றரை மடங்குதான். சிக்னலில் நிற்கும்போது மீட்டர் நகராது, ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

அப்புறம் இன்னொன்று. இன்ஜின் தேய்வது அதிகமும் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்கிற அந்தச் சில நிமிஷங்களில்தான். நீங்கள் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் மூன்று, நாலு மணி நேரம் ஓட்டுகிறீர்கள். ஊருக்குள் ஓடும் வண்டி இரண்டு கிலோமீட்டர் போய் அணைந்து, ஆறி, மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஆயில் முழுசாகச் சூடாகாததால் அதில் சேரும் ஈரமும் வெளியேறுவதில்லை. அதனால் அண்ணனிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள்: 10,000 கிலோமீட்டர் ஆகவில்லை என்று ஆயில் மாற்றாமல் வருஷக்கணக்கில் விட்டிருக்கிறாரா? கம்பெனி கொடுத்த புத்தகத்தில் "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்தியோ அது" என்ற மாதிரிதான் இருக்கும். குறைவாக ஓட்டுகிறவர்கள் பலரும் அந்த இரண்டாவது பாதியைப் படிப்பதே இல்லை, எனக்கு இது பெரிய மனக்குறை. பிரேக் ஆயில், கூலன்ட், டயர், பேட்டரி எல்லாம் வண்டி நின்றாலும் வயசாகிறவை.

உங்கள் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் குறிப்பிட்ட காலத்தில் மாற்றியே ஆக வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், அது ஒரு நிம்மதி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் சத்தம் கேட்கிறதா, இரண்டு சர்வீஸுக்கு நடுவில் ஆயில் குறைகிறதா, புகை நீலமாக வருகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாவிட்டால் சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், ரப்பர் ஹோஸ்களுக்குச் செலவு செய்துவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பொலேரோ காபித் தோட்டத்து வேலைக்கு ஓடுகிறது. 90,000தான் ஆகிறது, அதற்குள் இரண்டு முறை கிளட்ச் மாற்றியாகிவிட்டது. ஓமலூரில் மச்சான் வைத்திருக்கும் அதே வண்டி 1,80,000 தாண்டியும் பழைய கிளட்ச்சிலேயே ஓடுகிறது. என் வண்டியில் குறையா, நான் ஓட்டுவதில் குறையா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: மச்சானின் கிலோமீட்டரும் உங்கள் கிலோமீட்டரும் ஒன்றில்லை, அதனால் ஒப்பிட்டு மனசை வருத்திக்கொள்ள வேண்டாம். சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, ஏற்காடு ஏரி 1,300 மீட்டருக்கும் மேலே. அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அவ்வளவு உயரத்தையும் ஏறியாக வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் கியர் குறைத்து, கிளட்ச் மிதித்து, மறுபடி இழுக்க வேண்டும். மச்சானுக்குச் சமதளத்தில் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் வேலை உங்களுக்கு அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை வருகிறது. அதோடு தோட்டத்து மண் பாதை, ஆள், மூட்டை.

ஆனாலும் இரண்டு கிளட்ச் கொஞ்சம் அதிகம்தான், அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. ஏற்றத்தில் எதிரே பஸ் வரும்போது வண்டியை ஹாஃப் கிளட்ச்சிலேயே (கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே) பிடித்து நிறுத்துகிறீர்களா என்று உங்களையே கவனித்துப் பாருங்கள். நின்றால் ஹேண்ட் பிரேக் போடுங்கள், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது விதி, அதைச் சுற்றுலா வருகிறவர்களும் மதித்தால் பாதி கிளட்ச் பிழைக்கும்.

இறங்கும்போது ஏறிய அதே கியர். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் மே மாதத்தில் அடிவாரத்தில் நின்றால் இறங்கி வருகிற கார்களில் பிரேக் கருகிய வாடை அடிப்பதை நானே எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறேன். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது உயிருக்கே ஆபத்து, மிச்சமும் ஆகாது: இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால் எரிபொருள் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 2015 மாடல் கார் ஒன்று பார்த்திருக்கிறோம். 38,000 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. டிஜிட்டல் மீட்டரில் மாற்ற முடியாது என்கிறார் விற்கிறவர். நம்பலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: அந்தப் பேச்சை நம்பாதீர்கள் அம்மா. எண் சக்கரம் சுற்றிய காலத்தில் திருப்புளி வேண்டியிருந்தது, இப்போது ஒரு கருவியைச் செருகினால் போதும். அதற்காக இந்த வண்டியில் மாற்றியிருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, சரிபார்க்க வழி இருக்கிறது. முதலில் அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு வண்டி நம்பரோடு போய் (உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது) பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். ஒவ்வொரு முறை வண்டி உள்ளே வரும்போதும் கிலோமீட்டரைக் குறித்து வைப்பார்கள். 2019இல் 61,000 என்று இருந்து இப்போது 38,000 என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் அது தயாரான வாரமும் வருஷமும். 1215 என்றால் 2015ஆம் வருஷத்தின் 12வது வாரம். 38,000 ஓடிய காரில் நாலு டயரும் பிற்காலத்தில் மாறியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். வயசானதால் மாற்றினோம் என்று சொன்னால் அது நியாயமான பதில்தான், அதை வைத்து மட்டும் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட் ஓரம் அமுங்கியிருந்தால் 38,000 என்பது நம்பக் கஷ்டம். புது பெடல் ரப்பர் போட்டிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். சில கார்களில் மீட்டர் தவிர வேறு கன்ட்ரோல் யூனிட்டிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டிப் பாருங்கள். சில நூறு ரூபாய் கேட்டாலும் கொடுங்கள்.

கேள்வி: ஒரே மாடல் கார் இரண்டில் ஊட்டிக்குச் சேர்ந்து போய் வந்தோம், மீட்டரில் பத்து கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். எது தப்பு?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: டயரைப் பாருங்கள். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் மீட்டர் தூரத்தைக் கணக்கிடுகிறது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். புது டயரில் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிற பட்டன் (ரோட்டைத் தொடுகிற மேடுபள்ளம்) 1.6க்கு வந்துவிட்டால் சுமார் 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும், 500 கிலோமீட்டருக்குப் பத்து. பெரிய சைஸ் டயர் போட்டால் தலைகீழ், குறைத்துக் காட்டும்.

கேள்வி: தாத்தாவின் அம்பாசிடர் மீட்டர் 31,000 சொச்சம் காட்டுகிறது. வீட்டில் யாரும் நம்பவில்லை.
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: அந்த மீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், எண்ணிப் பாருங்கள். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் அது 1,31,000 ஆகவும் இருக்கலாம், 2,31,000 ஆகவும் இருக்கலாம். ரொம்பப் பழைய வண்டி என்றால் டயலில் மைல் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். தாத்தா பெட்ரோல் பில்லோ சர்வீஸ் நோட்டோ வைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எத்தனையாவது சுற்று என்பது அதில்தான் தெரியும்.