டெரர் பறவையின் வாரிசுதான் செரியேமா என்கிறார்களே, உண்மையா?

வாரிசு இல்லைங்க, பங்காளி. டெரர் பறவைகள் என்பவை தென் அமெரிக்காவில் வாழ்ந்து எப்போதோ அழிந்துபோன, பறக்காத ராட்சத வேட்டைப் பறவைகள்; செரியேமா இன்றும் அங்கே உயிரோடிருக்கும் பறவை. வீட்டில் பிள்ளைகளின் புராஜெக்டுக்காகக் கேட்டிருப்பீர்கள், அவசரமென்றால் இத்தோடு எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

எனக்கு இது கொஞ்சம் பழைய காயம். ஆபீஸ் க்விஸில் "டெரர் பறவைகளுக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் எது?" என்று கேட்டார்கள். செரியேமா என்றேன். நடத்தியவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, நெருப்புக்கோழி என்று சொல்லி மைனஸ் போட்டுவிட்டார். ஒரே மார்க்கில் தோற்றோம்.

பிரேசிலில் மினாஸ் ஜெராய்ஸ் பக்கம் வேலைக்குப் போய் ஒரு வருஷம் செரியேமாவின் சத்தத்தில் கண்விழித்தவன் நான். விடிகாலையில் நாய்க்குட்டி கத்துவதுபோல ஆரம்பிக்கும், அப்புறம் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பதுபோல வேகமெடுக்கும், கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். (வீட்டுக்காரர் "அமைதியான இடம்" என்றுதான் விளம்பரம் போட்டிருந்தார். அட்வான்ஸையும் முழுசாகத் திருப்பித் தரவில்லை, அது தனிக்கதை.) இடுப்புயரம், சிவந்த கால்கள், அலகுக்கு மேலே விசிறி மாதிரி ஒரு கொண்டை. பறக்கத் தெரியும், ஆனால் ஓடத்தான் பிடிக்கும். ஒருநாள் வேலியோரம் ஒரு ஓணானை அலகில் கவ்விக்கொண்டு வந்தது. கழுத்தை உயர்த்தி, துவைக்கிற கல்லில் துணியை அடிப்பதுபோலப் பாறையில் நாலு அடி, எலும்பு நொறுங்கியதும் அப்படியே முழுங்கிவிட்டது. இதை வைத்து டெரர் பறவையும் இப்படித்தான் வேட்டையாடியது என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். தென் அமெரிக்காவின் தெற்கே படகோனியாவில் கிடைத்த கெலென்கென் என்ற டெரர் பறவையின் தலை மட்டுமே 71 சென்டிமீட்டர், அது என் ஓணானைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

செரியேமாவை முன்பு சாரஸ் கொக்கு வகையறாவின் வரிசையில்தான் வைத்திருந்தார்கள். டிஎன்ஏ பார்த்தபிறகு வல்லூறு, கிளிகளின் பக்கம் நகர்ந்துவிட்டது. நெருப்புக்கோழி எந்தப் பக்கமும் இல்லை, காலும் கழுத்தும் நீளமாக இருப்பதால் சொந்தமாகிவிடுமா?

பெரிய ஆட்களே தவறியிருக்கிறார்கள், க்விஸ்காரரை விட்டுவிடலாமே என்பீர்கள். சரிதான், 1887-ல் அர்ஜென்டினா புதைபடிவ ஆய்வாளர் அமெகினோ, ஃபோருஸ்ராகோஸ் என்ற டெரர் பறவையின் கீழ்த்தாடையைப் பார்த்துவிட்டு, பல்லில்லாத பாலூட்டி என்று நினைத்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார். ஆனால் 1891-லேயே அது பறவை என்று திருத்தியாகிவிட்டது. எங்கள் டீமின் அந்த ஒரு மார்க் மட்டும் இன்னும் வரவில்லை.