அசெம்பிள்டா, பிராண்டடா? குறைந்த பட்ஜெட்டில் டெஸ்க்டாப் வாங்குவோருக்குக் கேள்வி பதில்

திருச்சியில் 17 வருடமாக சிஸ்டம் அசெம்பிள் செய்து தருகிறேன், சர்வீஸும் பார்க்கிறேன். குறைந்த பணத்தில் டெஸ்க்டாப் வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பார்ட் விலைகளை ரூபாயில் எழுதப் போவதில்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தால், நான் எழுதும் விலை நீங்கள் கடைக்குப் போகும் நாளில் இருக்காது.

கேள்வி: அக்கா, பி.காம் முதல் வருடம் படிக்கிறேன். டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை. அசெம்பிள்டுதான் எப்போதும் மலிவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (கரூர்)

ஒரு காலத்தில் உண்மை. இப்போது உங்களுக்குத் தேவையான அளவு சிஸ்டத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகள் பார்ட்டுகளை மொத்தமாக வாங்குகின்றன, விண்டோஸ் லைசென்ஸும் அவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அசெம்பிள் செய்தால் லைசென்ஸை நீங்கள் தனியாக வாங்க வேண்டும். அதைச் சேர்க்காமல் இரண்டு விலையையும் ஒப்பிடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

டேலிக்கும் எக்செலுக்கும் இன்டெலின் ஐ3-12100 ப்ராசஸர் தாராளம். 4 கோர், 8 திரெட், படம் காட்டும் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி போதும். இதே அளவில் பிராண்டட் சிஸ்டம் ஒன்றுக்கும் அசெம்பிள்டுக்கும் கொட்டேஷன் வாங்கி, அசெம்பிள்டு கணக்கில் விண்டோஸ் விலையைக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரம் என்றால், வீட்டில் சிஸ்டம் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லாத பட்சத்தில் பிராண்டடே வாங்குங்கள். ஏதாவது ஆனால் ஒரே இடத்துக்கு போன் செய்தால் போதும்.

அசெம்பிள்டின் பலம் வேறு. ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி வாரண்டி இருக்கும். பாக்ஸில் வரும் ப்ராசஸருக்கு 3 வருடம், எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் அதற்கு 3 முதல் 5 வருடம். நாலு வருடம் கழித்து ஒரு பார்ட் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சில பிராண்டட் சிஸ்டங்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனியின் தனி அளவில் இருக்கும், வெளியில் வாங்கிப் பொருத்த முடியாது. வாங்கும் முன் இதைக் கேளுங்கள். ரேம் போட இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ‘புத்தம் புது ஐ7 சிஸ்டம், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டரோடு’ என்று போட்டு, கடையில் ஐ3 சிஸ்டத்துக்குச் சொன்ன விலையில் பாதிதான் கேட்கிறார்கள். வாங்கலாமா மேடம்? (திண்டுக்கல்)

வேண்டாம். வாரம் ஒருவராவது இதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் பெற்றோர். பிள்ளைக்கு ஐ7 வாங்கிக் கொடுத்தோம் என்ற சந்தோஷத்தோடு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்வது எனக்குப் பெரிய கஷ்டம்.

அந்த விளம்பரத்தில் எந்தத் தலைமுறை என்று போட்டிருக்காது. நான் திறந்து பார்த்தவை எல்லாம் ஐ7-2600 அல்லது ஐ7-3770. முதலாவது 2011, இரண்டாவது 2012. பழைய ஆபீஸ் சிஸ்டங்களிலிருந்து கழற்றிய ப்ராசஸரை, அதே காலத்து எச்61 சிப்செட் போட்டுப் புதிதாகச் செய்த போர்டில் பொருத்தி, பளபளக்கும் கேபினெட்டில் வைத்து விற்கிறார்கள். கேபினெட்டும் போர்டும் மட்டும்தான் புது. ரேம் டிடிஆர்3 என்ற பழைய வகை, அதைக் கழற்றி நாளைக்கு வேறு சிஸ்டத்தில் போட முடியாது. ஐ7-3770க்கும் மேலே சொன்ன ஐ3-12100க்கும் கோர் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையில் ஐ3 ஏறக்குறைய இரு மடங்கு.

இன்டெல் நம்பரைப் படிப்பது சுலபம். கோடுக்குப் பிறகு வரும் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது தலைமுறை. 3770 என்றால் 3, 8500 என்றால் 8, 12100 என்றால் 12. விண்டோஸ் 11க்கு 8வது தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த விதி. விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விற்பவரிடம் “முழு மாடல் நம்பர் என்ன?” என்று கேளுங்கள். “ஐ7தான் சார்” என்று மறுபடியும் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: கேபினெட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாக வருகிறது. அதற்குத் தனியாகக் காசு போடச் சொல்கிறீர்களே, அது வீண்தானே? (தஞ்சாவூர்)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு சந்தோஷம். எல்லோரும் ப்ராசஸரைப் பற்றிக் கேட்கிறார்கள், வீட்டுக் கரண்டை வாங்கி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பார்ட்டைப் பற்றிக் கேட்பதே இல்லை.

அந்த இலவச எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள், 192 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 450 என்பது பெட்டிக்கு மேலே அச்சடித்த எண், அவ்வளவுதான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கணக்கு 400ஐத் தாண்டும்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரண்ட் போனதும் வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் எஸ்எம்பிஎஸ் தன்னிடம் இருக்கும் சேமிப்பில் ஓட வேண்டும். தரமானது சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும். மலிவானதில் கெப்பாசிட்டர் சின்னது, அதற்குள் அணைந்துவிடும். “யுபிஎஸ் வைத்திருக்கிறேன், இருந்தும் கரண்ட் போனால் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறது” என்று வருகிறவர்களில் பலருக்கு யுபிஎஸ் நன்றாகவே இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் சரியாகிவிடும்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், வாடிக்கையாளர் பட்ஜெட் இடிக்கிறது என்று சொன்னதால் இலவச எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே வைத்துக் கொடுத்தேன். ஒரு மழை நாளில் அது போனது, போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் அவருடைய மகளின் கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. அன்றிலிருந்து கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் யாருக்கும் போடுவதில்லை. கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள, குறைந்தது 3 வருட வாரண்டி தரும் ஒன்றை வாங்குங்கள். காசு போதவில்லை என்றால் கேபினெட்டில் குறையுங்கள். கலர் லைட் இல்லாத தகரப் பெட்டியிலும் சிஸ்டம் நன்றாக ஓடும்.

கேள்வி: புது சிஸ்டம் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கேபினெட்டில் கை பட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. பார்ட் கெட்டுவிட்டதா? (நாகர்கோவில்)

பார்ட் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் வீட்டில் எர்த்திங் இல்லை, அல்லது அந்த பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் ஒயர் வரவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கேபினெட்டில் சுமார் 115 வோல்ட், அதாவது 230இல் பாதி நிற்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் இதே நிலையில் சிஸ்டம் ஓடும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போர்ட் போய்விடக்கூடும். உள்ளே உண்மையாகவே ஏதாவது ஷார்ட் ஆனால் காப்பாற்றவும் வழியில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட 230 வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். சிலர் வேலையைச் சீக்கிரம் முடிக்க சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுவதும் கூடாது.

கேள்வி: இ-சேவை, ஜெராக்ஸ் கடை ஆரம்பிக்கிறேன். இரண்டு சிஸ்டம் வேண்டும். கம்பெனிகளில் ஓடி வந்த பழைய டெஸ்க்டாப் வாங்கலாமா அக்கா? (விருதாச்சலம்)

தாராளமாக வாங்கலாம் தம்பி. உங்கள் வேலைக்கு இதைவிடப் பணத்துக்கு மதிப்பான வழி எனக்குத் தெரியவில்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 5060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 வரிசையில் ஐ5-8500 போட்டது கிடைத்தால் எடுங்கள். 2018இல் வந்த 6 கோர் ப்ராசஸர், விண்டோஸ் 11 முறையாக ஏறும். வருடக்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்தவை இவை.

பணம் கொடுக்கும் முன் பயாஸுக்குள், அதாவது சிஸ்டம் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்குக்குள், போக முடிகிறதா பாருங்கள். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் கேட்டால் வேண்டாம். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எவ்வளவு என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் காட்டச் சொல்லுங்கள். போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை நீங்களே புதிதாக மாற்றிவிடுங்கள். ஒல்லியான மாடல் என்றால் பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ளே போகாது, உங்களுக்கு அது தேவையும் இல்லை. பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். பிரீமியர் புரோ. ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர்தான் வேகம் என்கிறார்கள், எதை எடுப்பது? (மதுரை)

முதலில் உங்கள் கேமரா என்ன ஃபார்மேட்டில் எடுக்கிறது என்று பாருங்கள். எச்.265, 10 பிட், 4:2:2 என்றால் இன்டெல் எடுங்கள். 11வது தலைமுறையிலிருந்து இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸரின் உள் கிராபிக்ஸ் அந்த ஃபார்மேட்டை நேரடியாகப் பிரித்துப் படிக்கும். 5600ஜி போன்ற ரைசன்களில் அது இல்லை. என்விடியாவில் 50 வரிசை கார்டுகளில்தான் வந்தது. இது இல்லாவிட்டால் டைம்லைனை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் திக்கும், எடிட் செய்வதற்கென்று ப்ராக்ஸி, அதாவது சின்ன நகல், போட்டே நேரம் போகும்.

ஐ5-12400 எடுத்தால் போதும். கவனம், 12400எஃப் வேண்டாம். எஃப் என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர் அதைத்தான் நீட்டுவார். நடக்கும் வேலைக்கு வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, முடிந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க், அதிலும் இரண்டு பிரதி. அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் நம் கையில் இருக்கிறது.

கேள்வி: பையன் வேலரண்ட், ஜிடிஏ 5 விளையாட வேண்டும் என்கிறான். கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் இல்லை. (வேலூர்)

இப்போது கார்டே வேண்டாம் சார். ரைசன் 5 5600ஜி போடுங்கள், அதன் உள் கிராபிக்ஸில் செட்டிங்கைக் குறைத்து இரண்டும் ஓடும். ரேம் மட்டும் ஒரே 16 ஜிபியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கிப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போடுகிறது. ஒரே ரேம் போட்டால் அதன் பாதை பாதியாகிவிடும், விளையாட்டு நன்றாகவே தடுமாறும். எஸ்எம்பிஎஸ்ஸை நல்லதாக வாங்கி வைத்தால் பிறகு கார்டு சேர்க்கலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு எடுப்பதானால் விற்பவர் முன்னாலேயே ஜிபியு-இசட் ஓட்டிப் பாருங்கள். மட்டமான பழைய கார்டின் பயாஸை மாற்றி என்விடியா 1050 டிஐ என்று காட்ட வைத்து விற்கிறார்கள். அதைப் போலி என்று அந்த மென்பொருள் சொல்லிவிடும்.

கேள்வி: கடைக்காரர் விண்டோஸ் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். (புதுச்சேரி)

அது திருட்டு விண்டோஸ். அதைத் திறக்க ஓட்டும் கிராக்கோடு என்னென்ன உள்ளே வருகிறது என்று யாருக்கும் தெரியாது, அதே சிஸ்டத்தில்தான் நீங்கள் நெட் பேங்கிங் செய்வீர்கள். லைசென்ஸுக்குப் பணம் இல்லையென்றால், விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் எதுவும் வேண்டாத பட்சத்தில், உபுண்டு போடுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

கேள்வி: முதல் தடவை நானே வீட்டில் அசெம்பிள் செய்யலாமா? பயமாக இருக்கிறது அக்கா. (சேலம்)

செய்யுங்கள். ஒரு மதியம் போதும், பயம் போய்விடும். ப்ராசஸரை வைக்கும் முன் போர்டில் அது உட்காரும் சாக்கெட்டைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், அதிலுள்ள பின்கள் வளைந்திருந்தால் வாரண்டிக்கு அதுதான் சாட்சி. போர்டு கேபினெட்டைத் தொடாமல் தூக்கி நிறுத்த அடியில் வரும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை மறக்காதீர்கள். புதியவர்கள் அதிகம் செருக மறப்பது ப்ராசஸருக்கு அருகே செருகும் 8 பின் கேபிளை. ஃபேன் சுற்றும், படம் வராது. போர்டு போய்விட்டது என்று அழுதுகொண்டே போன் செய்வார்கள்.

கேள்வி: மொத்தமாகப் பணம் இல்லை. மாதம் ஒரு பார்ட்டாக வாங்கிச் சேர்க்கலாமா? (ராமநாதபுரம்)

பணத்தை மாதாமாதம் சேருங்கள், பார்ட்டுகளைச் சேர்க்காதீர்கள். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். முதல் மாதம் வாங்கிய போர்டு கெட்டது என்று ஆறாவது மாதம் ப்ராசஸர் வந்த பிறகுதான் தெரியும், அப்போது கடையில் மாற்றித் தர மாட்டார்கள். மானிட்டரை மட்டும் முன்னால் வாங்கலாம். வந்த அன்றே யாருடைய லேப்டாப்பிலாவது செருகி, வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுத் திரையும் ஒரே நிறமாகப் போட்டு, எங்காவது புள்ளி தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.