இரவில்தான் வேலை ஓடுகிறது, உடம்பு தாங்குமா?

கேள்வி: என் வயது 36. வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பகலில் ஒரு பக்கத்தை முடிக்கத் திணறும் எனக்கு, இரவு 10 மணிக்கு மேல் உட்கார்ந்தால் 3 மணி வரை தடையில்லாமல் வேலை ஓடுகிறது. படுக்கும்போது 3.30 ஆகிவிடும். மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதால் காலை 7.30-க்கு எழுந்துவிடுவேன், விடுமுறை நாள்களில் 4 மணிக்குப் படுத்து நண்பகல் வரை தூங்குவேன். இரவில் நான்கு கோப்பை காபி குடிக்கிறேன். களைப்பு என்று பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஆனால் அம்மா என்னை 'ராக்கோழி' என்று திட்டுகிறார். இரவில் விழித்திருப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்றும் எங்கோ படித்தேன். நான் அதிகாலையில் எழுபவனாக மாறித்தான் ஆக வேண்டுமா? மெலடோனின் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மாறித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவம் வற்புறுத்தவில்லை. இரவு 3 மணிக்குப் படுத்து 10.30 மணிக்கு எழுபவரின் தூக்கம், நாள்தோறும் அதே நேரத்தில் அமைந்து, அளவிலும் போதுமானதாக இருந்தால், 10 மணிக்கே படுத்துவிடுபவரின் தூக்கத்தைவிடத் தாழ்ந்தது என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என்னை உறுத்தியது நீங்கள் படுக்கும் நேரம் அன்று. வேலை நாள்களில் நீங்கள் 4 மணி நேரம் மட்டுமே தூங்குகிறீர்கள் என்பதும், விடுமுறையில் அது 8 மணி நேரமாகத் தாவுகிறது என்பதும்தான். அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. காரணத்தைத்தான் அவர் மாற்றிச் சொல்கிறார்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் இடத்தில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடல் வெப்பம் எப்போது ஏற வேண்டும், இரவை அறிவிக்கும் ஹார்மோனான மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும், விழிப்பு எப்போது கூர்மையாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வகுக்கும் தலைமைக் கடிகாரம் அதுவே. அதன் ஒரு சுற்று மனிதர்களுக்குச் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். அந்த மிகுதியை ஒவ்வொரு நாளும் கண் வழியே நுழையும் வெளிச்சம் திருத்திவிடுகிறது. உயிரணுவுக்குள் இந்தச் சுற்றை மரபணுக்கள் எப்படி ஓட்டுகின்றன என்று பழ ஈக்களிடம் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடுவதால், சிலரின் கடிகாரம் பிந்தியே ஓடுகிறது. அதைச் சோம்பல் என்று பெயரிடுவது பொருந்தாது. வயதுக்கும் இதில் பங்கு உண்டு. பதின்ம வயதில் பிந்தத் தொடங்கும் கடிகாரம் 20 வயதையொட்டி உச்சமான தாமதத்தைத் தொட்டு, அதன்பின் மெல்ல முன்னோக்கி நகர்கிறது. ஆகவே இன்றைய 3 மணி, உங்கள் 50-ஆம் வயதில் தானாகவே 1 மணியாகிவிடக்கூடும்.

நீங்கள் உண்மையிலேயே அப்படிப்பட்டவர்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது. இரவில் நன்றாக வேலை செய்வதாக என்னிடம் சொல்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இரவு தருவது கூர்மையை அன்று, அமைதியை மட்டுமே. தொலைபேசி ஒலிக்காது, யாரும் அறைக் கதவைத் தட்டமாட்டார்கள். இன்னும் சிலர் பகலெல்லாம் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, கெடு நெருங்கும் பதற்றத்தைச் சுறுசுறுப்பு என்று நம்பிக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் எந்தக் கட்டாயமும் அலாரமும் இல்லாத விடுப்பு கிடைத்தால், முதல் சில நாள்களின் கடன் தூக்கம் தீர்ந்த பிறகு நீங்கள் எப்போது படுத்து எப்போது எழுகிறீர்கள் என்று குறித்துப் பாருங்கள். அப்போதும் 3 மணிக்குத்தான் உறக்கம் வருகிறது என்றால் அது உங்கள் கடிகாரம். 12 மணிக்கே கண் சொக்குகிறது என்றால், உங்களுக்குத் தேவை பகலில் தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை.

களைப்பு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை நான் அப்படியே ஏற்கப்போவதில்லை, மன்னிக்கவும். 2003-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், நலமாக இருந்தவர்களை 14 நாள்கள் தொடர்ந்து இரவுக்கு 4 அல்லது 6 மணி நேரம் மட்டும் படுக்கவைத்துச் சோதித்தார்கள். முழு இரவுகள் கண் விழித்தவர்களுக்கு இணையாக அவர்களின் கவனம் சரிந்திருந்தது. ஆனால் எவ்வளவு தூக்கக் கலக்கமாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, சற்றுத்தான் என்றே பெரும்பாலும் பதில் வந்தது. தூக்கம் குறையும்போது, குறைவை அளக்கும் கருவியும் சேர்ந்தே மழுங்கிவிடுகிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், தொடர் இரவுப் பணிகளுக்குப் பின் தெளிவாகவே இருக்கிறேன் என்று நம்பி எழுதிய குறிப்புகளை, மறுநாள் என்னாலேயே படிக்க முடியாமல் போனதுண்டு. உங்கள் தொழிலில் இதைச் சோதிப்பது எளிது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் எழுதிய நேரத்தைக் குறித்து வையுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் அவற்றைத் திருத்துங்கள். 11 மணிப் பக்கத்தில் எத்தனை திருத்தங்கள், 2.30 மணிப் பக்கத்தில் எத்தனை என்று எண்ணினால், இரவின் எந்தப் பகுதி உண்மையில் உங்களுக்கு ஊதியம் தருகிறது என்று விளங்கிவிடும். இறுதிப் பிழைதிருத்தத்தையும், திரும்பப் பெற முடியாத மின்னஞ்சல்களையும் எப்படியிருந்தாலும் தூங்கி எழுந்த பிறகுக்கே ஒதுக்குங்கள்.

அடுத்தது தாவல். வேலை நாள்களில் 3.30 முதல் 7.30 வரை தூங்குகிறீர்கள்; அந்தத் தூக்கத்தின் நடுப்புள்ளி 5.30. விடுமுறையில் 4 முதல் 12 வரை, நடுப்புள்ளி 8. இடையே இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று கால மண்டலங்களைத் தாண்டிப் பறந்து, மறுநாளே திரும்பி வருபவரின் நிலைதான் உங்கள் உடலுக்கு. உடல் கடிகாரத்தை ஆராயும் காலவுயிரியல் துறையின் ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடைய குழுவினரும் 2006-இல் இதற்குச் 'சமூக ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்ற அளவை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. காலைப் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்க, நீங்கள் 2 மணிக்குப் படுத்து 9.30-க்கு எழுவது ஒன்று. 2 முதல் 7.30 வரை தூங்கி, மகளை அனுப்பிவிட்டு மீண்டும் ஒன்றரை மணி நேரம் படுப்பது மற்றொன்று. துண்டுபடாத தூக்கம் என்பதால் முதல் வழியையே நான் விரும்புவேன். அதற்கு வேண்டியது மருந்துச் சீட்டு அன்று, குடும்பத்தாருடன் ஓர் உரையாடல். எதைத் தேர்ந்தாலும் விடுமுறையிலும் அதே நேரம்தான், அதிகம் போனால் ஒரு மணி நேர விலகல் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'அதிகாலை வெயிலில் நட, எல்லாம் சரியாகும்' என்ற பொதுவான அறிவுரை உங்களைப் போன்றவர்களுக்குச் சில வேளைகளில் எதிராகவே வேலை செய்யும். விழித்திரையில், காண்பதற்காக அல்லாமல் வெளிச்சத்தின் அளவைக் கடிகாரத்துக்குத் தெரிவிப்பதற்காகவே சில நரம்பணுக்கள் இருக்கின்றன. நீல நிற ஒளிக்கு அவை மிகுதியாக எதிர்வினை காட்டும். உடல் வெப்பம் மிகத் தாழும் கணம், ஒருவர் இயல்பாக விழிப்பதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பு வருகிறது. அந்தக் கணத்துக்கு முன் கண்ணில் படும் பலமான வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். இப்போதைய உங்கள் வழக்கத்தை வைத்துப் பார்த்தால், அந்தக் கணம் காலை 9 மணிக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கணிக்கிறேன். அப்படியானால் 7.30 மணி வெயில் உங்கள் கடிகாரத்துக்கு இன்னும் இரவின் வால்தான்; அதில் நடந்தால் உறக்கம் இன்னும் தாமதமாகவே வரும். ஆகவே முதல் வாரம், இயல்பாக எழக்கூடிய நேரத்தில் எழுந்தவுடன் அரை மணி நேரம் திறந்த வெளியில் இருங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடமாக எழும் நேரத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்தே முன்னே கொண்டுவாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வீட்டு விளக்கின் கீழ் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், மேகமூட்டமான நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும் என்பதால் சன்னலோரம் அமர்வது இதற்கு ஈடாகாது. இரவிலோ இதற்கு நேர்மாறு: மேசை விளக்கு தாளின்மீது மட்டும் விழட்டும், அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள், படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் கணினி, கைபேசித் திரைகளையும் அணைத்துவிடுங்கள். படுக்கையறையில் கனத்த திரைச்சீலை கட்டாயம்.

புற்றுநோய் பற்றிய செய்திக்கு ஒரு பின்னணி உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல், உடல் கடிகாரத்தைக் குலைக்கும் சுழல்முறைப் பணியைப் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019-இல் இரவுப் பணியை மீண்டும் ஆராய்ந்து அதே பிரிவில் வைத்தது. இந்தப் பிரிவுகள் சான்றின் வலிமையைச் சொல்பவை, ஆபத்தின் அளவை அல்ல. மேலும் அங்கே ஆராயப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் இரவுப் பணிக்கு ஆட்பட்டவர்கள். இயல்பாகவே தாமதமாகத் தூங்கி, போதுமான அளவு தூங்கி எழும் ஒருவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. பின்லாந்தில் ஏறத்தாழ 23,000 இரட்டையர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு, மாலை இயல்பினரிடம், அதாவது உங்களைப் போல் இரவில் சுறுசுறுப்பாக இருப்பவர்களிடம், காணப்பட்ட சிறு அளவிலான கூடுதல் இறப்புக்குப் பெரும்பாலும் புகையும் மதுவுமே காரணம் என்று கண்டது. நீங்கள் இவ்விரண்டையும் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இரவு வேலைக்கு நடுவே புகைக்கும் பழக்கம் இருந்தால், படுக்கும் நேரத்தை மாற்றுவதைவிட அதை நிறுத்துவதுதான் அவசரம்.

காபியில் உள்ள காஃபின், விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டும் அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, வாசலில் காத்திருக்கிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே பெரும்பாலோர்க்கு சுமார் 5 மணி நேரம் ஆகும். 2 மணிக்குப் படுக்கப் போகிறீர்கள் என்றால் இரவு 7 மணிக்கு மேல் காபி வேண்டாம். அப்படிச் செய்தால் வேலை ஓடாது என்று தோன்றினால், ஓட்டுவது உங்கள் கடிகாரமா காபியா என்பதற்கு அதுவே விடை. வயிற்றுக்கும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான்: மெலடோனின் உயர்ந்திருக்கும் நேரத்தில் இன்சுலின் சுரப்பு மந்தப்படுவதால், அப்போது உண்டது ரத்தச் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். முழு உணவைப் படுப்பதற்கு 3 மணி நேரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

மெலடோனினை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். அது தூக்க மாத்திரை அன்று. 'இரவு தொடங்கிவிட்டது' என்று கடிகாரத்துக்கு அனுப்பும் செய்தி. ஆகவே எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதே முக்கியம். தவறான நேரத்தில் போட்டால் கடிகாரம் வேண்டாத திசையில் நகரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ வலிப்பு மருந்தோ எடுப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. உறக்கம் வரவேண்டும் என்று மதுவை நாடுவது எந்தக் கணக்கிலும் சேராது. அது முன்னிரவில் ஆழ்த்தி, பின்னிரவில் எழுப்பிவிடும்.

நேரத்தை முன்னே கொண்டுவர முயன்றும் மூன்று மாதங்களுக்கு மேல் முடியவில்லை, அதனால் வேலையோ குடும்பமோ பாதிக்கப்படுகிறது என்றால், பிந்திய தூக்கக் கோளாறு என்ற நோக்கில் ஆராய வேண்டும். உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், போதுமான அளவு தூங்கியும் நீங்காத கலக்கம் இருந்தாலும், எதிலும் நாட்டமின்மை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாலை இயல்பினரிடம் மனச்சோர்வு சற்று அதிகமாகக் காணப்படுகிறது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடலாம். போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேட்டைக் கொண்டுசெல்லுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசிக் காபியின் நேரம், இவ்வளவு போதும். அதுவரை, 4 மணி நேரம் மட்டுமே தூங்கிய காலைகளில் மகளை நீங்களே வண்டி ஓட்டிச் சென்று பள்ளியில் விட வேண்டாம்.