ஒயின் அறைக் கண்ணாடியில் தண்ணீர் வழிவது பற்றி

வணக்கம் சார். சிங்கப்பூர் காண்டோ (அடுக்குமாடி) வீடு, 10 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி, உள்ளே 13 டிகிரி, காலையில் ஹால் பக்கம் தண்ணீர் வழிந்து மரத்தரை உப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒயின் அறைக்குள் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) வைக்கப்போவதாகவும் சொல்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வெளிப்பக்கம் வழிவது ஹால் காற்றில் உள்ள ஈரம். உள்ளே காயவைத்தால் பாட்டில் கார்க்குதான் சுருங்கும். அங்கே 50 முதல் 70 சதவீத ஈரப்பதம் இருக்கட்டும்.

இரவில் ஹால் ஏசியை அணைத்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஏசி ஓடி ஹால் 25 டிகிரி, 60 சதவீதத்தில் இருந்தால், கண்ணாடி ஏறக்குறைய 17-க்குக் கீழே போனால்தான் நீர் கோக்கும். அணைத்தபின் 29 டிகிரி, 80 சதவீதம் ஆகிவிட்டால் 25 டிகிரியிலேயே கோத்துவிடும். ஒற்றைக் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும்.

முதலில் காசில்லாத வேலை: ஒயின் அறைக் குளிரூட்டியின் காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் வாயைத் திருப்பிவிடுங்கள். பாட்டிலுக்கு 15 டிகிரியும் பாதகமில்லை, 13-ஐ அதுவரை ஏற்றலாம். ஹாலில் ஒரு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டும் கருவி) வையுங்கள். டீஹியூமிடிஃபையர் வாங்கியாச்சு என்றால் அதையும் ஹாலிலேயே ராத்திரி ஓடவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு, ஆர்கான் வாயு நிரப்பிய லோ-இ (வெப்பம் கடப்பதைக் குறைக்கும் பூச்சுள்ள) இரட்டைக் கண்ணாடி. ஆனால் சாதா அலுமினிய ஃபிரேமிலேயே அதை மாட்டினால் ஃபிரேம் வியர்க்கும், ஒப்பந்ததாரர் இதைச் சொல்லமாட்டார். வெப்பத்தடுப்பு உள்ள ஃபிரேமாகக் கேளுங்கள். கதவடி இடைவெளிக்கு ரப்பர் சீல் இருக்கிறதா? ஃபிரேம் இல்லாத கதவுகளில் பெரும்பாலும் இருக்காது.