காபிப் பழத்தோல் பானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கீழ்ப் பழனி மலையில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. பழத்தோலை உரிக்கும் இயந்திரமான பல்ப்பரில் இட்டுக் கொட்டையைப் பிரித்தபின் பழத்தோல் முழுவதும் எருக்குழிக்கே போகிறது. சில நாடுகளில் அந்தத் தோலைக் காயவைத்துத் தேநீரைப்போல் குடிக்கிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள். இது உண்மையா? நாங்களே செய்து பார்க்கலாமா?
– தாண்டிக்குடிப் பகுதி வாசகி

பதில்: தங்கள் மகள் சொல்வது முற்றிலும் உண்மை. ஏமன் நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாக இந்தப் பானத்தைக் குடித்து வருகிறார்கள். அங்கே இதற்குக் 'கிஷ்ர்' என்று பெயர். 1763இல் டேனிஷ் பயணக்குழுவோடு ஏமனில் பயணம் செய்த கார்ஸ்டன் நீபூர், அந்நாட்டார் கொட்டையைவிடத் தோலைக் காய்ச்சிக் குடிப்பதையே விரும்பியதைப் பதிவு செய்திருக்கிறார். விலை மிக்க கொட்டை மோக்கா துறைமுகத்தின் வழியாக வெளிநாடுகளுக்குப் போனது. மலிவான தோல் விளைந்த ஊரிலேயே தங்கி, இஞ்சி சேர்த்துக் கொதிக்கவைக்கப்பட்டு, எளியோர் வீடுகளிலும் அன்றாடப் பானமாயிற்று. கிழக்கு எத்தியோப்பியாவின் ஹரார் பகுதியில் இதைப் பாலோடு காய்ச்சும் வழக்கம் உண்டு. தென் அமெரிக்காவில் பொலிவியாவின் யுங்காஸ் மலைச்சரிவுகளில் தோலை இலேசாக வறுத்து இலவங்கப்பட்டையோடு கொதிக்கவைத்து, 'சுல்தானா' என்ற பெயரில் குடிக்கிறார்கள். 'காஸ்காரா' என்று இன்று நகரத்துக் காபிக் கடைகளில் நல்ல விலைக்கு விற்பதும் இதே தோல்தான். எல் சால்வடாரைச் சேர்ந்த காபி விவசாயி ஐடா பேட்லே இதைத் தனிச் சரக்காக விற்கத் தொடங்கியதில் பெரும்பங்கு வகித்தவர். ஐரோப்பிய ஒன்றியமும் 2022இல் இதை உணவுப் பொருளாக அனுமதித்தது.

நூறு கிலோ பழத்தைப் பல்ப்பரில் இட்டால் ஏறத்தாழ நாற்பது கிலோ ஈரத் தோலும் சதையும் கிடைக்கும். நன்றாகக் காய்ந்தபின் அதில் நான்கில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். இந்தத் தோல் எருக்குழிக்குப் போகாமல் ஓடையோரத்தில் குவிந்து அழுகும்போது நீரையும் கெடுக்கிறது என்பதைத் தாங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். ஆகவே இந்த முயற்சியை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், எருக்குழிக்குப் போகவிருந்த தோலை எடுத்துக் காயவைத்தால் போதும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். குடிப்பதற்குரிய தோலைப் பழம் பறிக்கும்போதே உணவாகக் கருதி நடத்த வேண்டும். இந்தப் பானத்தின் தரம் அடுப்பில் அன்று, மரத்தடியிலும் காயும் தட்டிலுமே முடிவாகிறது.

முதலில், தங்கள் காபிச் செடிகளில் எதைத் தெளித்தீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். இலைத் துருநோய்க்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அடிப்பது வழக்கம்; காய்த்துளைப்பானுக்குப் பூச்சிக்கொல்லி அடிப்பவர்களும் உண்டு. கொட்டைக்குத் தோலும் சதையும் பார்ச்மென்ட் என்னும் உறையும் காப்பாக இருக்கின்றன; போதாததற்கு அதை வறுக்கவும் செய்கிறோம். தோலுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. தெளித்தது நேரடியாக அதன்மீதுதான் படிகிறது. எனவே குடிப்பதற்கென்று சில செடிகளை ஒதுக்கி, அவற்றில் காய் பிடித்ததிலிருந்து எதையும் தெளிக்காமல் விடுங்கள்.

அடுத்தது பறிப்பு. நன்கு சிவந்த பழங்களை மட்டுமே எடுக்க வேண்டும். பச்சைக்காயின் தோல் துவர்க்கும், செடியிலேயே கறுத்து வற்றிய பழத்தில் பூஞ்சை இருக்கக்கூடும். தங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் பறிப்பும் ஒன்றாக வருவதால், அந்தப் பழங்களை வழக்கம்போல் கொட்டைக்கே விட்டுவிட்டு, வெயில் நிலைக்கும் தை மாதப் பறிப்பைத் தோலுக்கு எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பறித்த பழங்களைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பவற்றை நீக்கி, மற்றவற்றை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அன்றைக்கே கொட்டையைப் பிரித்துவிட வேண்டும். சிறிய அளவுக்குப் பல்ப்பர் தேவையில்லை. பழத்தை விரல்களால் அழுத்தினாலே கொட்டை நழுவி வெளியே வந்துவிடும். பல்ப்பரில்தான் எடுப்பீர்களென்றால், முந்தைய நாளின் சக்கை ஒட்டியிராதபடி அதை முதலில் கழுவிவிடுங்கள்.

காயவைப்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. சதையில் சர்க்கரை மிகுதியாதலால் ஈரத் தோலைக் குவித்து வைத்தால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கி, மறுநாள் சாராய வாடை வீசும். அதைத் தொடர்ந்து பூஞ்சையும் வரும். காபியில் வளரும் சில பூஞ்சைகள் ஆக்ரடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகின்றன. அது சிறுநீரகத்துக்குத் தீங்கானது, கொதிக்கவைப்பதால் நீங்குவதுமன்று. ஆகவே தரையிலோ களத்திலோ பரப்பாமல், காற்று அடியிலும் புகும்படி உயரத்தில் கட்டிய வலையின்மீது ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். முதல் இரண்டு நாட்கள் அடிக்கடி கிளறிக் கொடுங்கள். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். வெயிலைப் பொறுத்துச் சில நாட்களிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். கையில் எடுத்து நெரித்தால் வளையாமல் நொறுங்க வேண்டும். ஈரப்பதம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. வெண்பூஞ்சையோ பூசண வாடையோ தென்பட்டால் அந்தத் தட்டு முழுவதையும் எருவுக்கு அனுப்பிவிடுங்கள். கெட்டதை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றதை வைத்துக்கொள்வது வேண்டாம். நன்கு காய்ந்ததைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வையுங்கள்.

பானம் தயாரிப்பது எளிது. இருநூறு மில்லி கொதிநீருக்கு எட்டு முதல் பத்து கிராம் தோலைப் போட்டு, மூடி வைத்து, ஆறேழு நிமிடத்தில் வடிகட்டினால் பொன்னிறமான பானம் கிடைக்கும். காபியின் கசப்போ வறுத்த மணமோ இதில் இராது. உலர்திராட்சையின் இனிப்பும் சற்றே புளிப்பும் கலந்த சுவை இது. ஏமன் முறை வேண்டுமென்றால் ஒரு லிட்டர் நீருக்கு நாற்பது கிராம் தோலும், தட்டிய சுக்கும், விரும்பினால் பட்டையோ ஏலக்காயோ சேர்த்து, பொங்கி எழும்போது இறக்கி, மீண்டும் ஏற்றி, பத்து நிமிடம் காய்ச்சிச் சர்க்கரையோ பனங்கற்கண்டோ போட்டுக்கொள்ளலாம். நம் நாவுக்குச் சுக்கு சேர்ந்ததே பொருந்தும் என்று நினைக்கிறேன். வெயில் காலத்தில் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் வடித்துக் குடிப்பதும் இனிமையாக இருக்கும்.

கேள்வி: இது தேநீரா, காபியா? எனக்கு இரவில் தூக்கம் குறைவு என்பதால் மருத்துவர் காபியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பதிலாக இதைக் குடிக்கலாமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: தேயிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை, காபிச் செடியின் பழத்திலிருந்து வருவதால் இதிலும் காஃபீன் உண்டு. இதைக் காஃபீன் இல்லாத மூலிகைப் பானமாகச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். சாதாரணமாக ஊறவைத்த ஒரு கோப்பையில் உள்ள காஃபீன், அதே அளவு காபியில் இருப்பதைவிட நன்றாகவே குறைவு. ஆனால் தோலின் அளவைக் கூட்டினாலும் நெடுநேரம் காய்ச்சினாலும் அது கூடும். அராபிகாவைவிட ரோபஸ்டா தோலில் கூடுதலாகவே இருக்கும். தாங்கள் காலையிலோ நண்பகலிலோ ஒரு கோப்பை மட்டும் குடித்துப் பார்த்து, தூக்கம் எப்படியிருக்கிறது என்று கவனியுங்கள், மாலைக்குப்பின் தவிர்த்துவிடுங்கள். கருவுற்ற பெண்கள் நாளொன்றுக்கு இருநூறு மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால், காபி, தேநீரோடு இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பிட்டவுடன் இதைக் குடிக்க வேண்டாம். இதிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரப் பொருள்கள் உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

கேள்வி: காபி ஆலையில் உமி மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிக் காய்ச்சலாமா?
– சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். அந்த உமி, பழத்தை முழுதாகக் களத்தில் காயவைத்து இயந்திரத்தில் உடைக்கும் 'செர்ரி' முறையில் வருவது; காய்ந்த தோலோடு பார்ச்மென்ட் உறையும், களத்து மண்ணும், இயந்திரத் தூசியும் அதில் கலந்திருக்கும். பச்சைக்காயும் பழமும் வாரக்கணக்கில் ஒன்றாகக் காய்ந்த சரக்கு அது. எந்தத் தோட்டத்தில் எதைத் தெளித்தார்கள் என்பதும் தெரியாது. ஏமனில் முழுப் பழமாகக் காயவைத்து உடைத்த தோலைத்தானே குடிக்கிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். அங்கே அந்தத் தோலும் விலைபோகும் உணவுச் சரக்கு என்பதால் கொட்டையைப் போலவே அதையும் கவனித்துக் காயவைக்கிறார்கள், நம் ஆலைகளிலோ அது அடுப்பெரிக்கவும் எருவாக்கவும் ஒதுக்கப்படுவது. ஏற்காட்டில் தெரிந்த விவசாயி எவரேனும் இருந்தால், தெளிக்காத செடியிலிருந்து பழுத்த பழமாகவே நாலைந்து கிலோ கேட்டு வாங்கி, மேலே சொன்னபடி வீட்டு மாடியில் காயவைத்துக்கொள்ளுங்கள். பிறருக்கு விற்கும் எண்ணம் வந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, ஆய்வகத்தில் பூஞ்சை நச்சுக்கும் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கும் சோதித்த பிறகே விற்பனையைத் தொடங்குங்கள்.