உப்புக்காற்றில் ஒரு ஹெரால்டு

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பெரியப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 1960-களில் வாங்கியது, மண்டபத்தில் எங்கள் தென்னந்தோப்பில் படுதா போர்த்தியபடி பல வருடமாக நிற்கிறது. இரும்புக் கூரையை அவர் அப்போதே கழற்றிவிட்டு, மடக்குகிற துணிக் கூரை போட்டுக்கொண்டார். இப்போது டிரைவர் காலடியில் கை நுழைகிற ஓட்டை. டிங்கர் வேலை எனக்குச் சுத்தமாகத் தெரியாது, ஆனால் நானே செய்து பார்க்க ஆசை. ஃபைபர் படகு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன், "ஃபைபர் மேட் போட்டு ரெசின் பசை பூசினால் ஒரே நாளில் ஓட்டை அடைந்துவிடும்" என்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: ஆசை நல்ல ஆசைதான் தம்பி, ஆனால் அந்த அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் வேலையில் குறை சொல்லவில்லை. வள்ளம் முழுக்க ஃபைபர், அதனால் மேட் அதோடு ஒன்றாகிவிடும். உங்கள் காரில் அது துருவின் மேல் உட்காரும். வெயிலில் தகடு விரியும் அளவு வேறு, ஃபைபர் விரியும் அளவு வேறு, ஓரத்தில் மயிரிழை விட்டால் போதும், ஈரம் உள்ளே போய் மேலே பளபளவென்று இருக்கும்போதே கீழே தகடு அப்பளமாகிவிடும். போதாததற்கு சீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தகடுதான். அழுகியதை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஒன்றுதான் வழி.

ஹெரால்டு என்பது உங்கள் அதிர்ஷ்டம். அதற்கு அடியில் தனி சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் உண்டு, பாடி அதன்மேல் போல்ட்டில் நிற்கிறது. உங்கள் பெரியப்பா கூரையைக் கழற்ற முடிந்ததும் அது போல்ட் போட்ட கூரை என்பதால்தான். மற்ற பல கார்களில் கூரையே பலம், அதை எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதற்காக உடனே கிரைண்டரைத் தூக்காதீர்கள். முதலில் கீழே படுத்து, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தரைத் தகட்டைவிட அதுதான் முதல் வேலை, அதை அனுபவசாலியிடம் விடுங்கள். அப்புறம் கதவுகளை மூடிவைத்து நாலு பக்க இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு, கதவு வாசலில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பைப்பைத் தற்காலிகமாக வெல்டிங் அடித்துவிட்டுத்தான் எதையும் வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டிவிட்டு, கடைசியில் கதவு சாத்தவில்லை என்று தலையில் கை வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெல்டிங் பழக உங்கள் கார் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் ஏதாவது ஒரு காரின் மட்கார்டு கிடைக்கும், அதை வெட்டி வெட்டி ஒட்டிப் பழகுங்கள். பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது, கேட்டுக்கு அடிக்கிற ஆர்க் வெல்டிங் அதில் ஓட்டைதான் போடும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற சிஓடூ வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுங்கள். ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, ஆற விட்டு மறுபடி நடுவில் ஒன்று. அவசரப்பட்டால் சூட்டில் தகடு வடை மாதிரி உப்பிவிடும். டிக்கியில் இருக்கும் பெட்ரோல் டேங்க்கை முதலில் கழற்றி வெளியே வையுங்கள், இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அடுத்தது தண்ணீர். நான் முதன்முதலில் ஒரு பழைய காரின் பானட்டுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் வீட்டு போரில் பிடித்தது. வாயில் வைத்தால் கரிக்கும், காருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். பெயிண்ட் கண்ணாடி மாதிரி வந்தது. மூன்றாவது மாதம் பானட் முழுக்க வேர்க்குரு. ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே ஒரு சொட்டு நீர், அதற்கடியில் துருப்புள்ளி. பிரைமருக்கு, அதாவது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சுக்கு, அடியில் மாட்டிக்கொண்ட உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே குடிக்கிற கேன் தண்ணீர், இல்லாவிட்டால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். செலவைப் பார்க்காதீர்கள்.

வெறும் தகட்டை ஒரு ராத்திரிகூடத் திறந்து போடக் கூடாது, காலையில் பழுப்பு ஏறியிருக்கும். தேய்த்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். ரெட் ஆக்சைடு மட்டும் பூசிவிட்டு மாதக்கணக்கில் விட்டால் ஈரம் அதைத் தாண்டி உள்ளே போகும். பட்டி அதற்கு மேல்தான், 3 மில்லிமீட்டருக்கு மிஞ்சாமல். பழைய பட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள், ஒட்டாத இடத்தில் சுரண்டிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் வேண்டாம், ஆடிக் காற்றில் மணல் வந்து ஒட்டும். மாசி, பங்குனிதான் சரி.

துணிக் கூரை எப்படியும் கொஞ்சம் ஒழுகும். ஒழுகுவது பிரச்சினை இல்லை, வெளியேறாமல் நிற்பதுதான். கதவின் அடி விளிம்பிலும் தரையிலும் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்து வையுங்கள், ஈரமான மிதியடியை எடுத்து வெயிலில் போடுங்கள். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே இந்தக் காற்றோடு மல்லுக்கட்டித் தளர்ந்து, 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவதே நின்றது. உங்கள் தகடு எம்மாத்திரம்?

கேள்வி: எங்கள் மாமனாரின் காருக்கும் 50 வயது தாண்டிவிட்டது. விண்டேஜ் என்று பதிவு செய்யலாமாமே?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: செய்யலாம்மா. 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். ஆனால் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது, தினசரிப் பயணத்துக்கும் ஓட்ட முடியாது. மேலே எழுதிய மண்டபம் தம்பியும் இதைக் கவனிக்க வேண்டும்: கூரை மாற்றியது ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய இரும்புக் கூரை தோப்பில் எங்காவது கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.