ஊசி போட்டால் கரைந்த எலும்பு வளருமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஈறு நோயால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் ஆடுகின்றன. 'வளர்ச்சிக் காரணி' ஊசி போட்டால் எலும்பு வளர்ந்துவிடும், எல்லாப் பற்களுக்கும் ஒரே பேக்கேஜாகச் செய்யலாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வளர்ச்சிக் காரணி கட்டுக்கதை அல்ல. ஆனால் 'எல்லாப் பற்களுக்கும்' என்று சொன்னபோதே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும்.

பல் உருவாகும்போது அதன் கருவைச் சுற்றி மெல்லிய பை ஒன்று இருக்கும். வேரைப் போர்த்தும் சிமெண்டம், வேரை எலும்போடு கட்டும் நார்கள், பற்குழி எலும்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் அந்தப் பையின் செல்களிலிருந்தே வருகின்றன. எந்தச் செல் எப்போது பெருக வேண்டும், எதுவாக மாற வேண்டும் என்று தகவல் சொல்லும் புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். தகவல் இடம் மாறினால் கெடுதல்தான். எலும்பை வளர்க்கும் பிஎம்பி-2 என்ற காரணி வேரருகே வைக்கப்பட்டபோது, இடையில் நார் உருவாகாமல் பல் எலும்போடு ஒட்டிக்கொண்டதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இன்று சிகிச்சையில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் சில. பிடிஜிஎஃப் 2005இல் அமெரிக்காவிலும், எஃப்ஜிஎஃப்-2 2016இல் ஜப்பானிலும் அனுமதி பெற்றன. இவற்றை ஈறைத் திறந்து, வேரைச் சுத்தம் செய்து, பள்ளத்தில் வைக்க வேண்டும். போகிற போக்கில் குத்தும் ஊசி அல்ல.

பள்ளம் என்றேன், அங்கேதான் விஷயம் இருக்கிறது. எலும்பு கிணறுபோல ஒரு பக்கமாக ஆழ்ந்து கரைந்திருந்தால், சுற்றுச்சுவர்கள் ரத்தக்கட்டியைத் தாங்கிப் பிடிக்கும், பலன் உண்டு. வாய் முழுவதும் மட்டமாகத் தாழ்ந்திருந்தால் எதை வைத்தாலும் நிற்காது. கடைவாய்ப் பல்லில் இரு வேர்களுக்கு நடுவிலும் பார்க்க வேண்டும். அங்கே பாதிவரை குடைந்திருந்தால் முயலலாம். மறுபக்கம் வரை துளைத்திருந்தால் பணம்தான் கரையும்.

இதை அறிய எக்ஸ்ரேயும், ஒவ்வொரு பல்லைச் சுற்றி ஆறு இடங்களில் ஈறின் ஆழ அளவும் போதும். அளக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. பேக்கேஜ் பேச மட்டும் தனி ஆள் வைத்திருக்கிறார்கள்! சில இடங்களில் உங்கள் ரத்தத்தையே சுழற்றி எடுத்த கட்டியையும் இதே பெயரில் விற்கிறார்கள். அது பயனற்றது அல்ல, ஆனால் மேலே சொன்ன மருந்தும் அல்ல. வைக்கப்போகும் பொருளின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கமிஷன் ஆள் அத்துடன் காணாமல் போவார்.

முதலில் ஈறுக்கு அடியில் ஆழச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். வீக்கம் வடிந்ததும் ஆட்டம் குறைந்துவிடும் பற்களும் உண்டு.